பொலிஸில் சேர நினைக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: தகுதி பார்ப்பதிலிருந்து நியமனக் கடிதம் வரை

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகனின் மோட்டார் சைக்கிள் களவுபோனதை முறைப்பாடு செய்ய ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அன்று கடமையில் இருந்த யாருக்கும் தமிழ் எழுத வரவில்லை. வாசலில் நின்ற ஓட்டோக்காரத் தம்பியை உள்ளே கூப்பிட்டு, அம்மா சொன்னதை அவர் சிங்களத்தில் சொல்ல, அப்படியே எழுதிக்கொண்டார்கள். தன்னால் வாசிக்க முடியாத எழுத்துக்குக் கீழே அம்மா கையொப்பம் வைத்துவிட்டு வந்தார். "நான் சொன்னதைத்தான் எழுதினாங்களோ தெரியாது சேர்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தமிழும் அரச கரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் 24 மணி நேரமும் இரு மொழியும் தெரிந்த அலுவலர் இருக்க வேண்டும் என்று, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. சட்டமும் இருக்கிறது, பரிந்துரையும் இருக்கிறது. முறைப்பாடு எழுதும் அந்த மேசையில் உட்கார ஆள் வேண்டுமே. மூதூரிலோ, கிண்ணியாவிலோ, குச்சவெளியிலோ, தம்பலகாமத்திலோ ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரம்) முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் ஒரு பிள்ளைதான் அந்த ஆளாக முடியும்.

நான் பின்னேர வகுப்பு நடத்துகிறவன். கசெட்டில் பொலிஸ் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்போதெல்லாம் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தோடு வருவார்கள். அவர்களில் பலர் திறமை குறைந்ததால் வெளியே போகவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், கணக்கில் டபிள்யூ (சித்தியில்லை), முடிவுத் திகதிக்கு மூன்று நாள் பிந்திப் போன தபால். இப்படித் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால்தான் போனார்கள். அறிவித்தல் வந்த பிறகு கிடைக்கும் சில கிழமைகள் இதற்கெல்லாம் போதாது. ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். இதில் எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு வருடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான்.

"லைசன்ஸ்" எடுக்க வேண்டுமா?

வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி வருகிறது. அமெரிக்காவில் மினசோட்டா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பொலிஸ் அலுவலர் ஒவ்வொருவருக்கும் மாநிலச் சபை ஒன்று தனியாக உரிமம் கொடுக்கிறது. முதலில் அந்த உரிமத்துக்குத் தகுதி பெற வேண்டும், பிறகு ஒரு நகரப் பொலிஸ் பிரிவு வேலைக்கு எடுக்கும். உரிமம் பறிபோனால் அந்த மாநிலத்தில் எந்தப் பொலிஸ் பிரிவிலும் வேலை பார்க்க முடியாது.

இலங்கையில் அப்படி ஒரு உரிமம் இல்லை. இங்கே நியமனம்தான். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இந்தச் சேவைக்கு அடிப்படை. பொலிஸ் மா அதிபர் தவிர்ந்த மற்ற அலுவலர்களின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று, பதவி நீக்கம் எல்லாம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்குள் வருகின்றன. அந்த ஆணைக்குழு 2001இல் 17ஆவது திருத்தத்தின் மூலம் உருவானது. ஆகவே தகுதி என்று நாம் பேசுவது, கசெட்டில் வரும் அறிவித்தலில் எழுதியிருக்கும் தகுதிதான். அதற்கு வெளியே யார் என்ன சொன்னாலும் அது வெறும் பேச்சு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கிழக்கு மாகாண சபையின் அலுவலகங்கள் திருகோணமலையில் இருப்பதால், பொலிஸ் விண்ணப்பமும் அங்கே கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்பது 13ஆவது திருத்தத்தில் எழுதப்பட்டிருந்தாலும் நடைமுறைக்கு வரவில்லை. ஆட்சேர்ப்பு முழு நாட்டுக்கும் ஒன்றாகக் கொழும்பிலிருந்துதான் நடக்கிறது.

எந்த வாசலால் உள்ளே போவது?

வாசல்கள் சில உண்டு. பொலிஸ் கான்ஸ்டபிள் (ஊரில் பெரியவர்கள் இன்னும் கொஸ்தாப்பல் என்பார்கள்), பெண் பொலிஸ் கான்ஸ்டபிள், பொலிஸ் கான்ஸ்டபிள் சாரதி, உப பொலிஸ் பரிசோதகர், அதற்கு மேலே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர். விசேட அதிரடிப்படைக்கான ஆட்சேர்ப்பு தனியாக அறிவிக்கப்படும்.

கான்ஸ்டபிளுக்கு ஓ.எல். அடிப்படை. உப பொலிஸ் பரிசோதகருக்கு, அதாவது எஸ்.ஐ.க்கு, ஏ.எல். (உயர் தரம்) சித்தியும் வேண்டும். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பட்டம் வேண்டும். சாரதிக்குப் படிப்புத் தகுதி குறைவாக இருக்கும், ஆனால் செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருக்க வேண்டும்.

ஏ.எல். சித்தியடைந்த பிள்ளை, "எஸ்.ஐ. கிடைக்காது, கான்ஸ்டபிளுக்கே போடுவோம்" என்று தன்னைத் தானே குறைத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் தகுதி இருந்தால் இரண்டுக்கும் போடுங்கள். இரண்டும் வேறு வேறு விண்ணப்பங்கள்.

வயது, பிரஜாவுரிமை, திருமணம்

இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். குறைந்த வயது 18. கூடிய வயது அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறியிருக்கிறது. கான்ஸ்டபிளுக்கு 25 என்றும் வந்திருக்கிறது, 28 என்றும் வந்திருக்கிறது. ஆகவே "போன முறை 28, இந்த முறையும் அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள்.

வயதைக் கணக்கிடுவது விண்ணப்பம் அனுப்பும் நாளில் அல்ல. விண்ணப்ப முடிவுத் திகதியில். முடிவுத் திகதி மார்ச் 10, உங்களுக்கு 18 நிறைவது மார்ச் 12 என்றால் அந்த முறை நீங்கள் இல்லை. மறுபக்கமும் அப்படித்தான்: மேல் வயதைத் தாண்ட இரண்டு நாள் இருக்கும்போது அறிவித்தல் முடிந்தால் நீங்கள் உள்ளே.

சாரதி அல்லாத பதவிகளுக்குத் திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அறிவித்தல்களில் வருவது வழமை. வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால், பெரியவர்களிடம் இதை முதலே சொல்லிவிடுங்கள்.

ஓ.எல். பெறுபேறு: இங்கேதான் பலர் நிற்கிறார்கள்

கான்ஸ்டபிளுக்கு வழமையாகக் கேட்பது, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அதுவும் இரண்டு தடவைக்கு மேற்படாமல். அத்தோடு சில பாடங்களில் திறமைச் சித்தி. எத்தனை பாடங்களில் என்பதை அறிவித்தலில் பார்க்க வேண்டும்.

புள்ளிக் கணக்கை ஒருமுறை சரியாக மனதில் வையுங்கள். 75உம் அதற்கு மேலும் ஏ, 65 முதல் 74 வரை பி, 50 முதல் 64 வரை சி, 35 முதல் 49 வரை எஸ், 35க்குக் கீழே டபிள்யூ. சி அல்லது அதற்கு மேல் எடுத்தால் திறமைச் சித்தி. எஸ் சாதாரண சித்தி. அதுவும் சித்திதான், ஆனால் திறமைச் சித்திக் கணக்கில் சேராது. "ஆறும் பாஸ் சேர்" என்று வரும் பிள்ளையின் தாளைப் பார்த்தால் ஐந்து எஸ், ஒரு சி இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அது பாஸ்தான். ஆனால் அறிவித்தல் கேட்பது வேறு.

"இரண்டு தடவை" என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை முதல் தடவை ஐந்து பாடம் சித்தி, கணிதம் டபிள்யூ. இரண்டாம் தடவை கணிதம் மட்டும் எடுத்தார், மறுபடியும் டபிள்யூ. மூன்றாம் தடவையில் கணிதத்துக்கு எஸ் கிடைத்தது. மொத்தத்தில் ஆறு பாடம் இருக்கிறது, ஆனால் முதலாம் தடவையையும் மூன்றாம் தடவையையும் சேர்த்து எண்ணலாமா? சேர்க்கலாம். கேட்பது ஆறு பாடங்களையும் இரண்டு பெறுபேற்றுத் தாள்களில் காட்டுவதைத்தான். இடையில் ஒரு தடவை தோற்றித் தவறியது அந்த இரண்டு தாள்களைக் கெடுக்காது. பிரச்சினை வருவது வேறு இடத்தில்: முதல் தடவை நான்கு, இரண்டாம் தடவை ஒன்று, மூன்றாம் தடவை ஒன்று என்று மூன்று தாள்களில் சிதறிக் கிடக்கும்போது. அப்படியானால் இன்னொரு தடவை தனியார் பரீட்சார்த்தியாகத் தோற்றி, விடுபட்ட பாடங்களை ஒரே தாளில் சேர்த்து எடுப்பதுதான் வழி. அதற்கும் ஒரு வருடம் போகும். முன்பே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பொலிஸ் வாசலில் நிறுத்திவைக்கும் பாடம் அதுதான் என்பது என் அனுபவம். 35 புள்ளிக்குப் பெரிய கேத்திரகணிதம் எல்லாம் தேவையில்லை. முதல் பகுதிச் சிறு வினாக்கள், சதவீதம், வட்டி, தொடைகள், வரைபு, பரப்பளவு இவற்றை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் வரும். பழைய வினாத்தாள்களைச் செய்யுங்கள், விடையைப் பார்த்து எழுதாமல் நேரம் பிடித்துச் செய்யுங்கள்.

உயரம், மார்பளவு, ஓட்டம்

ஆண் கான்ஸ்டபிளுக்கு ஐந்தடி நான்கு அங்குலம் என்பது நீண்ட காலமாக அறிவித்தல்களில் வந்த அளவு. சென்ரிமீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 162.6. பெண்களுக்கு இதைவிடக் குறைவு. ஆண்களுக்கு மார்பளவும் பார்ப்பார்கள். மூச்சை எந்த நிலையில் வைத்து அளப்பது என்று அறிவித்தலில் எழுதியிருக்கும்.

சப்பாத்து, காலுறை இல்லாமல், குதிக்கால், பின்புறம், தலை மூன்றும் சுவரில் படும்படி நின்று வீட்டில் அளந்து பாருங்கள். தலைக்கு மேலே ஒரு கொப்பியை மட்டமாக வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இரும்பு அளவு நாடாவால் அளக்க வேண்டும். தையல் நாடா இழுபடும், நம்பாதீர்கள். மனித உடம்பு காலையில் சற்று உயரமாகவும் மாலையில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் குறைந்தும் இருக்கும், முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் நாள் முழுக்க அழுத்தப்படுவதால். ஆகவே மாலையில் அளந்து சரியாக இருந்தால் பயமில்லை. அரை அங்குலம் குறைகிறதென்றால், உயரம் கூட்டும் மருந்து என்று முகநூலில் விற்பதை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகு எந்த மருந்தும் அதைச் செய்யாது.

ஓட்டத்துக்கு எங்கள் ஊர் நல்ல ஊர், காலநிலை தெரிந்து ஓடினால். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் காலை எட்டு மணிக்கே வெயில் உடம்பைச் சுடும். அந்த மாதங்களில் விடிய ஐந்தரைக்கு இறங்குங்கள். நவம்பர், டிசம்பரில் மாரி. மைதானம் சேறாகக் கிடக்கும். உப்புவெளிக் கடற்கரையில் ஓடுவது தொடைக்குப் பலம் தரும், ஆனால் மணலில் மட்டும் ஓடிப் பழகியவர் கட்டாந்தரையில் ஓடும்போது முழங்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். கிழமையில் இரண்டு நாள் மணல் என்றால் இரண்டு நாள் மக்கெய்சர் மைதானம் போல இறுகிய நிலத்தில் ஓடுங்கள். வெறுங்காலோடு ஓடாதீர்கள். சோதனை நாளில் புதுச் சப்பாத்துப் போடுவதும் கூடாது. முதல் வளைவிலேயே குதிக்கால் கொப்புளித்துவிடும்.

முதல் மாதம் நடையும் ஓட்டமும் கலந்து அரை மணி. இரண்டாம் மாதத்திலிருந்து நிற்காமல் இரண்டு கிலோமீற்றர். அதற்குப் பிறகுதான் நேரத்தைக் குறைக்கும் வேலை. தண்டால், வயிற்றுப் பயிற்சி, கம்பியில் தொங்கி எழும்புதல் எல்லாம் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். பெண் பிள்ளைகள் தனியே மைதானத்துக்குப் போகத் தயங்கினால் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். உவர்மலைப் பக்கம் காலையில் நடக்கும் அக்காமார் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடிப் பழகிய பிள்ளையை எனக்குத் தெரியும்.

கண்ணைக் கட்டாயம் முதலே காட்டுங்கள். கண்பார்வை அளவை 6/6, 6/12 என்று எழுதுவார்கள். 6/12 என்றால், சாதாரணப் பார்வை உள்ளவர் 12 மீற்றரில் வாசிப்பதை நீங்கள் 6 மீற்றரில் நின்றுதான் வாசிக்கிறீர்கள் என்று பொருள். நிறக்குருடு இன்னொன்று. பல ஆண் பிள்ளைகளுக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. சிவப்பும் பச்சையும் கலங்கித் தெரிவதை இயல்பென்று நினைத்திருப்பார்கள். எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வருவதால் ஆண்களுக்கே அதிகம். இதற்குச் சிகிச்சை இல்லை. எல்லாச் சோதனையும் தாண்டிக் கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் அறிந்து உடைந்து போவதைவிட, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

காகிதங்கள்

எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, ஓ.எல். பெறுபேற்றுச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், நற்சான்றுக் கடிதங்கள். ஏழெட்டுத் தாள்தான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் இந்த ஏழெட்டும் ஒரே பெயரோடு ஒரே வீட்டில் இருப்பது எளிதல்ல. 1990இல் இடம்பெயர்ந்தவர்கள், 2004 சுனாமியில் வீட்டையே இழந்தவர்கள், 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து உடுத்த உடையோடு ஓடியவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதை. பெட்டிக்குள் இருந்த காகிதம் பெட்டியோடு போயிருக்கும். பெற்றோரின் காகிதம் இல்லாததால் பிள்ளையின் பதிவும் பிழைத்திருக்கும்.

பிறப்பு பதியப்பட்டு, பிரதிதான் தொலைந்தது என்றால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் பிறந்த இடமும் ஏறக்குறைய திகதியும் சொன்னால் பதிவேட்டில் தேடிப் பார்ப்பார்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலம் கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்றும் உண்டு. பிறப்புப் பதிவு இல்லாதபோது கொடுப்பது. இவை இரண்டும் மாதக் கணக்கில் எடுக்கலாம். அறிவித்தல் வந்த பிறகு தொடங்கினால் முடியாது.

பெயர்ப் பிரச்சினை இன்னொன்று. எங்கள் பெயரில் தகப்பன் பெயர் முன்னால் வரும், சில இடத்தில் பின்னால் வரும், சில இடத்தில் முதலெழுத்து மட்டும் வரும். பிறப்புச் சான்றிதழில் தமிழில் எழுதிய பெயரை அடையாள அட்டைக்கு ஆங்கிலத்தில் மாற்றும்போது ஓரெழுத்து கூடியோ குறைந்தோ போகும். ஓ.எல். தாளில் பாடசாலைப் பதிவில் உள்ள பெயர். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறந்த திகதியையும் பாருங்கள். சிறு வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைப்பது ஒரு வழி. பிழை பிறப்புப் பதிவிலேயே இருந்தால் சத்தியக்கடதாசி போதாது, பதிவையே திருத்த வேண்டும். அதற்கும் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

ஓ.எல். சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாகவே விண்ணப்பித்துப் பெறலாம், கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. சுட்டிலக்கமும் தோற்றிய வருடமும் தெரிந்தால் வேலை சுலபம்.

கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை மட்டும் மிக முன்னதாக எடுக்காதீர்கள், பழைய திகதி என்று திருப்பிவிடுவார்கள். ஆனால் உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் உங்கள் இப்போதைய விலாசத்தில் இருக்கிறதா என்பதை முன்பே பாருங்கள். பாலையூற்றில் வாடகை வீடு, இடாப்பில் ஈச்சிலம்பற்று என்று இருந்தால் இரண்டு கிராம உத்தியோகத்தருக்கிடையே அலைவீர்கள்.

விண்ணப்பம்

கசெட் வெள்ளிக்கிழமைகளில் வரும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது. வெள்ளி பின்னேரம் பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்திலும் அறிவித்தல் வரும். முகநூலில் யாரோ பகிர்ந்த படத்தை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய அறிவித்தலைப் புதிதென்று பகிர்ந்து, பிள்ளைகள் காலம் முடிந்த விண்ணப்பத்தை அனுப்பியதை நானே கண்டிருக்கிறேன். அறிவித்தலை முழுதாக அச்செடுத்து, நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இருக்கிறது", "இல்லை" என்று பென்சிலால் எழுதுங்கள். ஒரு "இல்லை" வந்தாலும் அதைத் தீர்த்த பிறகே மேலே போங்கள்.

தபால் மூலம் என்றால் மாதிரிப் படிவத்தில் உள்ள ஒழுங்கிலேயே நிரப்ப வேண்டும். மூலச் சான்றிதழை ஒருபோதும் தபாலில் போடாதீர்கள். உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். பதிவுத் தபால்தான், துண்டைப் பத்திரமாக வையுங்கள். முடிவுத் திகதி என்பது கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டிய திகதி. திருகோணமலையில் தபாலில் போடும் திகதி அல்ல. ஒரு கிழமை முன்பாகவாவது போட்டுவிடுங்கள். அப்புறம், அனுப்பியது முழுவதற்கும் ஒரு போட்டோக்கொப்பி உங்களிடம் இருக்கட்டும். நேர்முகத்தில் நீங்கள் எழுதியதையே உங்களிடம் கேட்பார்கள்.

பரீட்சையும் நேர்முகமும்

எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். பொது அறிவும் நுண்ணறிவும் முக்கியம். நுண்ணறிவு வினாக்கள் பழக்கத்தால் வருபவை. ஒரு நாளைக்கு இருபது வினா என்று மூன்று மாதம் செய்த பிள்ளைக்கும் செய்யாத பிள்ளைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பொது அறிவுக்குச் செய்தித்தாளைத் தினமும் வாசிப்பதற்கு மாற்று இல்லை. எஸ்.ஐ.க்குப் போகிறவர்கள் ஒரு விடயத்தைப் பற்றி ஒரு பக்கம் கோர்வையாக எழுதவும் பழக வேண்டும்.

நேர்முகத்தில் "ஏன் பொலிஸுக்கு வர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி வரும். பாடமாக்கிய விடையைச் சொல்லாதீர்கள். உங்கள் மாவட்டத்தைத் தெரிந்துவைத்திருங்கள். எத்தனை பிரதேச செயலகப் பிரிவுகள் (11), துறைமுகப் பொலிஸ் ஏன் தனியே இருக்கிறது, நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கு என்ன சிக்கல்கள் வருகின்றன, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இடத்தில் ஒரு சிறு தகராறு எப்படிப் பெரிதாகிறது. இவை உங்களுக்குப் புத்தகத்தில் படிக்காமலே தெரிந்தவை. அதைச் சொல்லுங்கள்.

நடத்தை பற்றிய விசாரணை

உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையம், கிராம உத்தியோகத்தர், அயலவர் என்று விசாரிப்பார்கள். நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டிருந்தால் அது பெரிய தடை. வழக்கு நிலுவையில் இருந்தால், படிவத்தில் கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கைகலப்பு ஒன்றில் பெயர் வந்து இணக்கமாக முடிந்திருந்தால்கூட அந்த ஆவணத்தின் பிரதியை எடுத்து வையுங்கள். மறைத்தது பின்னர் வெளியே வந்தால், வேலை கிடைத்த பிறகும் போய்விடும்.

குடும்பத்தில் யாரோ முன்பு ஒரு இயக்கத்தில் இருந்தார், மாமா தடுப்பில் இருந்தார் என்று பயந்து விண்ணப்பிக்காமலே இருக்கும் பிள்ளைகள் இங்கே உண்டு. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது, அதை லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும், உங்களிடம் குற்றம் இல்லையென்றால் நீங்களாகவே உங்களைத் தகுதியற்றவர் என்று தீர்க்காதீர்கள். விண்ணப்பியுங்கள், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

காசு கேட்பவர்கள்

அறிவித்தல் வந்த கிழமையே யாராவது வருவார். "கொழும்பில் ஆள் இருக்கிறது, இவ்வளவு தந்தால் லிஸ்டில் பெயர் வரும்" என்பார். நகையை அடகு வைத்துக் கொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளை தன் திறமையால் தெரிவானபோது அந்த ஆள் "நான்தான் செய்தேன்" என்றார், தெரிவாகாத பிள்ளையின் காசைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. அறிவித்தலில் எழுதியிராத எந்தக் கட்டணத்தையும் யாருக்கும் கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் அரச தகவல் நிலையத்துக்கு 1919இல் கோல் பண்ணிக் கேளுங்கள்.

சிங்களமும் இடமாற்றமும்

பரீட்சை தமிழில் இருந்தாலும் வேலை நாடு முழுக்க. எந்தப் பகுதியிலும் சேவை செய்யச் சம்மதித்துத்தான் கையொப்பம் வைக்கிறீர்கள். முதல் நியமனம் குருணாகலுக்கோ அம்பாந்தோட்டைக்கோ வரலாம். 2007 ஜூலை 1 முதல் அரச சேவைக்குப் புதிதாக வருபவர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 07/2007 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொன்னது. அதற்காக மட்டும் அல்ல; சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் பயிற்சியில் மற்றவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். கந்தளாய்ச் சந்தையில் பேசிப் பழகிய சிங்களம் பேச்சுக்குப் போதும், எழுத்துக்குப் போதாது. எழுத்து வரிசையை இப்போதே படியுங்கள். நாளுக்கு அரை மணி கொடுத்தால் இரண்டு மாதத்தில் பஸ் பலகை வாசிக்கலாம், ஆறு மாதத்தில் செய்தித் தலைப்பு.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தூரத்துக்கு அனுப்பப் பயம் என்கிறீர்கள், அது நியாயமான பயம். ஆனால் அடி வாங்கி வந்த ஒரு பெண், துன்புறுத்தப்பட்ட ஒரு சிறுமி, பொலிஸ் நிலையத்தில் தமிழ் பேசும் ஒரு பெண்ணைக் கண்டால்தான் வாய் திறக்கும். ஆண்கள் நடுவே, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாக அந்தக் கதையைச் சொல்ல யாரால் முடியும்? உங்கள் மகள் அந்த மேசையில் இருப்பாள்.

கடிதம் வந்த பிறகு

எல்லாம் தாண்டினால் பயிற்சிக்கு அழைப்புக் கடிதம் வரும். களுத்துறையில் உள்ள இலங்கைப் பொலிஸ் கல்லூரியிலோ, நாட்டின் வேறு பொலிஸ் பயிற்சிப் பாடசாலை ஒன்றிலோ பயிற்சி நடக்கும். மட்டக்களப்பு கல்லடியிலும் ஒன்று இருக்கிறது. தகுதிகாண் காலம் மூன்று வருடம் என்பது அரச சேவையில் வழமை. சேவை உடன்படிக்கையில் கையொப்பம் வைக்கும் முன், எத்தனை வருடம் கட்டுப்படுகிறீர்கள், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வாசித்துவிட்டு வையுங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கடிதத்தில் கேட்ட மூலச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, பெட்டிக்குள் வைக்காமல் கையோடு கொண்டுபோங்கள். களுத்துறை என்றால் இரவுத் தபால் ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கரையோரப் பாதை ரயிலில் களுத்துறை தெற்கில் இறங்கலாம். சொன்ன நேரத்துக்குப் பிந்தாமல் இருக்க ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். அம்மா, அப்பா கூட வருவதென்றால் வாசல் வரை வரலாம்.